கடலில் விழும் தடை, மலையில் விழும் அடி

"எங்கோ ஓர் ஆழ்கடலில் எவனோ ஒருவன் எவனுடைய கப்பலையோ மறித்தால், பதுளையில் இருக்கும் நமக்கென்ன?" சென்ற கிழமை கூட்டம் ஒன்றின் முடிவில், கற்றறிந்த அன்பர் ஒருவர் எம்மிடம் இவ்வாறு கேட்டார். கேள்வியில் குற்றமில்லை. ஆயின் நமக்கென்ன என்று நாம் வாளாவிருந்த காலத்திலேதான், நமது உழைப்பின் விலையைப் பிறர் நிர்ணயிக்கத் தொடங்கினர். ஆகவே அன்பருக்கு விடை கூறுவது நம் கடமையாகிறது.

இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 2012 ஆம் ஆண்டில் ஈரானிடம் எண்ணெய் வாங்கிற்று. வாங்கிய கடனைக் கொடுக்க வழியில்லாது போயிற்று. ஈரானுடன் கொடுக்கல் வாங்கல் செய்யும் வங்கியை டொலர்ச் சந்தையிலிருந்து ஒதுக்கும் சட்டங்களை அமெரிக்கா இயற்றியிருந்ததே காரணம். கடன் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2021 டிசெம்பரில், 25 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட அக்கடனை மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென ஒப்பந்தமாயிற்று. தேயிலை உணவுப் பொருள். ஆகையால் தடையினுள் அடங்காது. கறுப்புப் பட்டியலிலுள்ள வங்கி எதுவும் இதில் சம்பந்தப்படாது என்று அன்றைய பெருந்தோட்ட அமைச்சர் ரமேஷ் பத்திரண விளக்கம் தந்தார்.

விளக்கம் யாருக்கு என்பதைக் கவனியுங்கள். நம் மண்ணில் விளைந்த கொழுந்தை, விரும்பி வாங்கும் நாட்டுக்கு விற்பதற்கு, இரண்டிலும் சேராத மூன்றாவது நாடொன்றின் முன் நமது அமைச்சர் சமாதானம் கூற வேண்டியிருந்தது. அதன் பலன் யாது? ஏற்றுமதியாளருக்குக் கிடைப்பது உள்நாட்டு ரூபாவே. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதெனக் கைவிரித்த நாடு, மறு ஆண்டில் ஒரு டொலரும் உள்ளே வராத ஏற்றுமதியைத் தொடங்கிற்று. பழைய கடன் குறைகிறது என்பது உண்மை. ஆனால் எண்ணெயைத் தேயிலைக்கு மாற்றும் பண்டமாற்றுக் காலத்துக்கு நம்மைத் தள்ளியது சந்தையன்று; தடையே.

இனி அன்பரின் அடுத்த கேள்வி வரும். ஈரானியர் பெரிதும் பருகுவது தாழ்நிலத் தேயிலை; ஊவாவின் மலைத் தேயிலைக்கு இதனால் என்ன? ஏலம் ஒன்றே என்பதுதான் விடை. காலி மாவட்டத்துத் தேயிலையும் ஹப்புத்தளைத் தேயிலையும் கொழும்பின் அதே ஏலத்திலேதான் விலை பேசப்படுகின்றன. ஈரானுக்கு விற்ற சரக்கின் பணம் வராமல் முடங்கிய வணிகன், மறு வாரம் ஏலத்தில் துணிந்து விலை கேட்பானா? இலங்கையிலிருந்து ஈரான் வாங்கிய தேயிலையின் பெறுமதி 2016 க்கும் 2020 க்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிற்று. சிறு தோட்ட உடைமையாளருக்கோ, தேயிலை ஏலத்தில் பெறும் விலையில் நூற்றுக்கு 68 பங்கு என்ற கணக்கில்தான் பச்சைக் கொழுந்தின் விலை அமைகிறது. ஏலம் சறுக்கினால் அவர் வீட்டு அடுப்பும் சறுக்கும். கூலி பெறுவோருக்கு அடி வேறு வழியில் வரும். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று விதிக்கப்பட்டபோது கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றப் படியேறின. சந்தை நலிவு என்பது அவர்கள் கையில் எப்போதும் ஆயத்தமாயிருக்கும் சாட்டு. வல்லரசு அந்தச் சாட்டுக்கு உரமிடுகிறது. கொழுந்தின் நிறையைக் கூட்டியோ வேலை நாளைக் குறைத்தோ கணக்கு நேர் செய்யப்படுகிறது.

நம் மாகாணத்துக்குள்ளேயே இன்னொரு சான்று உண்டு. உமா ஓயாத் திட்டத்தை ஈரானிய நிறுவனமொன்று ஈரானிய வங்கிக் கடனுடன் கட்டித் தருவதாக ஏற்பாடு. தடை இறுகியதும் ஏறத்தாழ 5 கோடி டொலருடன் அக்கடன் நின்றது. 50 கோடி டொலருக்கு மேற்பட்ட வேலையின் மிகுதிப் பாரம் நமது திறைசேரியின் தலையில் விழுந்தது. பல ஆண்டுத் தாமதத்தின் பின், 2024 ஏப்பிரல் 24 இல், ஈரானிய ஜனாதிபதி ரைசி வந்து திறந்துவைத்தார். சுரங்கம் தோண்டியதால் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. அப்பழியை வாஷிங்டன்மேல் போட மாட்டோம். அது நிலத்தை ஆராயாது தோண்டியவர்களின் பழி. ஆனால் கடனின் சுமையைக் கொடுக்கும் நாட்டிலிருந்து வாங்கிய ஏழை நாட்டின் தோளுக்கு மாற்றியது தடைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 87 ஆம் உறுப்புரை ஆழ்கடல் எல்லா நாடுகளுக்கும் திறந்தது என்கிறது. 92 ஆம் உறுப்புரை, கப்பல் எந்நாட்டுக் கொடியைத் தாங்குகிறதோ அந்நாட்டின் அதிகாரத்துக்கே அங்கு உட்பட்டது என்கிறது. கடற்கொள்ளை, அடிமை வாணிபம், நாடற்ற கப்பல் என்பன போன்ற சில காரணங்களுக்காகவே பிறநாட்டுப் போர்க்கப்பல் அதில் ஏறிப் பார்க்கலாம் என்பது 110 ஆம் உறுப்புரை. "என் நாட்டின் வர்த்தகத் தடையை மீறினாய்" என்பது அக்காரணங்களுள் இல்லை. அவ்வுடன்படிக்கையை ஆக்கிய மாநாட்டுக்கு, 1980 இல் தாம் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. அதை இன்றுவரை உறுதிசெய்து ஏற்காத நாடு அமெரிக்கா!

பாதுகாப்புச் சபை கட்டளையிட்டால் நிலைமை வேறு. வெள்ளைச் சிறுபான்மை ஆட்சி நடந்த ரொடீசியாவுக்கு எண்ணெய் போகாதபடி, மொசாம்பிக்கின் பெய்ராத் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல்களை மறிக்க 1966 ஏப்பிரலில் 221 ஆம் தீர்மானம் பிரித்தானியாவுக்கு அதிகாரம் தந்தது. அது சட்டம். ஈரான் விடயத்திலும் 2010 இன் 1929 ஆம் தீர்மானம் உண்டு; 2015 இன் உடன்பாட்டை அடுத்து நீக்கப்பட்ட அதனை, 2025 செப்டெம்பரில் மூன்று ஐரோப்பிய நாடுகளின் முயற்சி மீண்டும் உயிர்ப்பித்தது. ரஷ்யாவும் சீனாவும் அதை ஒப்பவில்லை. அத்தீர்மானத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், ஆழ்கடலிற் சோதனையிடக் கொடிநாட்டின் சம்மதம் வேண்டும் என்பதே அதன் வாசகம். அது தேடச் சொல்வது அணுச் சாதனத்தையும் ஆயுதத்தையும், தேயிலைப் பெட்டியையன்று.

சட்டம் இவ்வாறிருக்க, நடப்பது யாது? முதலில் கொடி பறிக்கப்படும். ஈரானுடன் தொடர்புடைய பல கப்பல்களைப் பனாமா 2019 இல் தன் பதிவேட்டிலிருந்து நீக்கிற்று. கொடியிழந்த கப்பல் நாடற்ற கப்பலாகும். அதை எவரும் மறிக்கலாம்! அடுத்துக் காப்புறுதி மறுக்கப்படும். பின்னர் நீதிமன்றம் வரும். ஈரானிலிருந்து வெனிசுவேலாவுக்கு நான்கு கப்பல்களில் சென்ற 11 இலட்சம் பீப்பாய் எரிபொருளை 2020 ஓகஸ்டில் அமெரிக்கா கைப்பற்றிற்று. வாஷிங்டன் நீதிமன்றமொன்றின் ஆணையே அதற்குப் போதுமானதாயிற்று. இவற்றைக் கண்ட பெருங்கப்பல் கம்பனிகள் தேயிலைப் பெட்டியையும் ஏற்ற அஞ்சுகின்றன. அமெரிக்கா 2018 இல் தடையை மீளக் கொணர்ந்ததும், மேர்ஸ்க் போன்றவை ஈரான் சரக்கைக் கைவிட்டன. உணவுக்கு விலக்கு உண்டென்று தாளில் எழுதிவிட்டு, வங்கியையும் கப்பலையும் காப்புறுதியையும் அச்சுறுத்துவது, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பாலத்தை உடைப்பதற்கு ஒப்பாகும்.

அடிபடுபவர் யார் என்பதையும் காண்க. 2019 ஜூலையில் ஜிப்ரால்ற்றரில் கிரேஸ் 1 என்ற ஈரானிய எண்ணெய்க் கப்பல் பிடிபட்டது. பதிலுக்கு ஈரான் ஸ்டெனா இம்பெரோவைப் பிடித்தது. பிந்தியதில் இருந்த 23 மாலுமிகளுள் 18 பேர் இந்தியர். முந்தியதிலும் கப்டன் உட்பட இந்தியர் பலர். இலண்டனுக்கும் தெஹ்ரானுக்கும் இடையிலான வழக்கில் சிறைப்பட்டவர் கூலிக்குக் கப்பலோட்டிய நம்மவர். துரைமார் சண்டையில் லயத்துக்குத் தீ வைப்பது என்பது இதுதான்.

அங்ஙனமாயின் ஈரானிய அரசு யோக்கியமானதா எனில், இல்லை. தன் நாட்டுப் பெண்களையும் தொழிற்சங்கத்தாரையும் அது ஒடுக்குவதை நாம் அறிவோம்; அதற்காக வாதாட நாம் வரவில்லை. நமது இயக்கத்தாரிடமே இன்னும் கடினமான வினா ஒன்று உண்டு: "தமிழர்க்கு நீதி வேண்டிச் சர்வதேசத் தடையைக் கோருபவர் நீங்களன்றோ?" ஆம், கோரினோம், கோருவோம். 2023 ஜனவரியில் ராஜபக்ஷ சகோதரர் இருவர்மீது கனடா தடை விதித்தது. 2025 மார்ச்சில் மூன்று முன்னாள் தளபதிகள்மீதும் கருணாமீதும் பிரித்தானியா தடை விதித்தது. அத்தடை குற்றஞ் சாட்டப்பட்டவரின் பயணத்தையும் சொத்தையும் தடுத்தது; பாண் வாங்கும் பெண்ணின் கையைத் தடுக்கவில்லை. தனியாளைச் சுட்டும் தடை வேறு. ஒரு மக்களின் சட்டியையும் இன்னொரு மக்களின் கூடையையும் ஒருங்கே கவிழ்க்கும் தடை வேறு. இவ்வேறுபாட்டை உணராது தடையென்ற சொல்லுக்கெல்லாம் கைதட்டுபவர், நாளை தம் தோட்டத்துக் கொழுந்துக்கு விழும் தடைக்கும் கைதட்ட நேரும்.

எதிர்த்து நிற்க முடியுமா என்று ஏங்குவோர் நம் நாட்டின் வரலாற்றைப் படிக்க. 1951 மே மாதத்தில், சீனாவுக்குப் போர்த்தளவாடப் பொருள் அனுப்பலாகாதென ஐக்கிய நாடுகள் பொதுச் சபை பரிந்துரைத்தது. அன்று இலங்கை அச்சபையில் உறுப்பு நாடன்று. நாட்டிலோ அரிசிப் பஞ்சம், இறப்பருக்கு விலையில்லை. 1952 இல் டட்லி சேனநாயக்காவின் அரசு, ஆர். ஜி. சேனநாயக்காவின் முயற்சியால், ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் அரிசி என்று ஐந்தாண்டு உடன்படிக்கை செய்தது. அமெரிக்கா உதவியை மறுத்தது. அக்காலத்தில் சீனக் கடலும் அச்சமற்றதன்று. 1954 இல் துவாப்சே என்ற சோவியத் எண்ணெய்க் கப்பலைத் தாய்வான் கடற்படை பிடித்தது. அதன் மாலுமிகள் சிலர் நாடு திரும்ப முப்பதாண்டுக்கு மேலாயிற்று. எனினும் உடன்படிக்கை நின்றது, அரிசி வந்தது. அதைச் செய்தது இடதுசாரி அரசன்று. ஐக்கிய தேசியக் கட்சி அரசு! தமிழரின் வாக்குரிமையைப் பறித்த அக்கட்சியை நாம் மறவோம், மன்னியோம். ஆயினும் அன்று அதற்கிருந்த முதுகெலும்பு இன்று கொழும்பில் எவருக்கு இருக்கிறது?

ஆகவே நாம் கோருவன இவை. கொடிநாட்டின் சம்மதமோ பாதுகாப்புச் சபையின் ஆணையோ இன்றி ஆழ்கடலில் சரக்குக் கப்பலை மறிப்பதை இலங்கை ஏற்காதெனவும், அதற்குத் தன் துறைமுகங்களைத் தராதெனவும் அரசு பாராளுமன்றத்தில் பிரகடனம் செய்தல் வேண்டும். உணவு விலக்கு உண்மையெனில், தேயிலைப் பணம் வரும் வங்கி வழி இன்னதென அமெரிக்காவிடம் எழுத்திற் பெறுதல் வேண்டும். எண்ணெய்க் கடனுக்குச் சென்ற தேயிலைக்காகக் கொடுக்கப்பட்ட ரூபாவில் கொழுந்து பறித்த கைக்கு எவ்வளவு வந்ததென்ற கணக்கைச் சபையில் வைத்தல் வேண்டும். ஊவாவின் பிரதிநிதிகள் இம்மூன்றையும் எழுப்பக் கடமைப்பட்டவர்கள்.

அன்பரே, கப்பல் மறிக்கப்படுவது எங்கோ ஒரு கடலில்தான். அதற்கான தண்டத்தைச் செலுத்துபவர் பதுளையில் இருக்கிறார். கச்சான் காற்றில் உலர்ந்த மலைச்சரிவில், கூடையைச் சுமந்து நிற்கிறார். தமக்குத் தண்டம் விதித்தவர் யாரென்பதையாவது அவர் அறிய வேண்டாமா?