தோலும் நம் மரபுதான்

போன தை மாதம் என் அக்கா மகனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி எடுத்தாயிற்று. மாலை வரவேற்புக்குக் கோட்டு. அதற்கேற்ற ஷூ வாங்க வேலூரில் ஒரு கடைக்கு அவனோடு போனேன். பழைய காலத்து மாடலில், நுனியில் சின்னச் சின்னத் துளை போட்ட பிரவுன் ஷூ கேட்டான். கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஒரிஜினல் இத்தாலி லெதர் சார். நம்மூரு சரக்கு இல்ல" என்றார். மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

எனக்கு வயிறு எரிந்தது. அங்கிருந்து கிழக்கே அரை மணி நேரம் போனால் மேல்விஷாரமும் ராணிப்பேட்டையும். மேற்கே ஒரு மணி நேரத்தில் ஆம்பூர், அதைத் தாண்டினால் வாணியம்பாடி. நான் குடியிருக்கும் சத்துவாச்சாரியில் விடியற்காலையில் தெருமுனையில் நின்றால் ஷூ கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஷூவைப் பாராட்ட வேண்டுமானால் அது நம்மூரில் செய்ததில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல ஷூ வெள்ளைக்காரனின் பரம்பரைச் சொத்து, நமக்கு அதில் கூலிக்காரன் உறவுதான் என்ற நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் எல்லாரிடமும் ஊறிக் கிடக்கிறது. அது பொய். அந்தப் பொய்யால் பல தலைமுறைக் கைகளின் பெயர் அழிந்துபோயிருக்கிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் தரத் தோல் கப்பல் ஏறிவிடும். உள்ளூர்க் கடைக்கு வருவது தழும்பு விழுந்த தோல், தையல் கோணிய 'ரிஜெக்ட்' ஜோடி, பசை வைத்து ஒட்டி ஆறு மாதத்தில் வாய் பிளக்கும் மலிவுச் சரக்கு. அதை வாங்கிப் பட்டவர்கள் நம்மூர்ச் சரக்கே இப்படித்தான் என்று முடிவு கட்டுகிறார்கள். அவர்கள் பட்டது உண்மை. ஆனால் அவர்கள் குறைசொல்லும் கையும் ஏற்றுமதிக்குத் தைக்கும் கையும் ஒன்று. நமக்கு மிச்சத்தைத் தந்தது வியாபாரம்; பழி விழுந்தது தொழிலாளியின் கைமேல்.

இப்போது 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் பெரிய விலைக்குப் போகும் பூட்ஸுகளில் சில, முதல் உலகப் போர்ச் சிப்பாயின் பூட்ஸைப் பார்த்துச் செய்தவை. அந்தப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர் காலில் கிடந்தது எங்கள் பக்கத்துத் தோல். மதராஸ் மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத் தோலை லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்பார்கள். போர்க்காலத்தில் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காக அதை பிரிட்டிஷ் அரசே கொள்முதல் செய்தது.

அந்தத் தோல் எப்படி உருவானது என்று தெரிந்தவர்கள் இன்று குறைவு. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரும் சதையும் நீக்கிய தோலை, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு எடுப்பார்கள். ஆவாரையில் ஒரு குறை உண்டு. அதில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். அதற்காகவே கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை முக்குவார்கள். நிறம் வெளுத்து அப்படியே நிற்கும். பிறகு எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துவார்கள். வைத்தியர் கைமருந்தாகக் கொடுக்கும் இரண்டு சரக்கை வைத்து, வெயிலுக்குச் சிவக்கும் தோலைச் சிவக்காமல் நிறுத்தத் தெரிந்தவன் எத்தனை தோலைக் கெடுத்து அதைக் கற்றிருப்பான்! எந்தப் பள்ளிக்கூடமும் அதை அவனுக்குச் சொல்லித் தரவில்லை. பின்னாளில் ஆவாரம்பட்டைக்குப் பதில் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அதன்பின் குரோம் உப்பில் பதனிடும் முறை வந்தது. ஆனாலும் அந்தப் பழைய வகைத் தோல், 'இ.ஐ. லெதர்' என்ற பெயரில், தமிழ்நாட்டுப் பொருளாகப் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

காஞ்சிபுரம் பட்டுக்கும் அதே குறியீடுதான். பட்டுக்குக் கிடைத்திருப்பதைக் கல்யாணப் பத்திரிகையிலும் பெருமையாகப் போட்டுக்கொள்கிறோம். தோலுக்கும் உண்டு என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இந்த வித்தியாசம் ஏன்?

சாதிதான். சுற்றி வளைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. செத்த மாட்டின் தோலைத் தொட்டவனை ஊருக்கு வெளியே வைத்தோம். அவன் செய்து தந்ததைக் காலில் போட்டுக்கொண்டோம். காலில் போடும் அந்த உரிமையையும் எல்லாருக்கும் விட்டுவைக்கவில்லை; மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார் ஒரு மற்போரின் வேகத்தைச் சொல்ல உவமை தேடுகிறார். கட்டிலுக்குத் தோல்வார் பின்னுகிறவன் கையில் பாயும் ஊசி அவருக்குக் கிடைக்கிறது. சோழன் மகனின் போருக்கு ஒப்பாக வைக்கும் அளவுக்கு அந்தக் கையின் வேகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். அந்தக் கைக்குச் சொந்தக்காரனை அதே பாடல் இழிந்தவன் என்ற பெயரால்தான் குறிக்கிறது. சங்க காலத்தில் செருப்புக்குத் 'தொடுதோல்' என்று ஒரு பெயர் இருந்தது. பொருள் இருந்தது, பெயர் இருந்தது, திறமையும் இருந்தது. பெருமை மட்டும் தரப்படவில்லை. ஒரு தொழிலைச் செய்தவர்களை மரபிலிருந்து விலக்கிவைத்துவிட்டு, அந்தத் தொழில் நம் மரபிலேயே இல்லை என்று பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

துணியின் கதையையும் பாருங்கள். 1958இல் நியூயார்க் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போன மதராஸ் கட்டத் துணி சலவையில் சாயம் போயிற்று. அதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் 'பாரம்பரிய' உடையாக அது இன்றும் இருக்கிறது. அதே கட்டத்தை நம் அப்பாக்கள் கைலியாகக் கட்டினார்கள். அதைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினால் மரியாதை இல்லை என்று நாம் சொன்னோம்.

இத்தாலி முத்திரைக்கு வருகிறேன். பாதி பதனிட்ட தோலைப் பல நாடுகளிலிருந்து வாங்கி முடித்துக் கொடுப்பது இத்தாலியத் தோல் தொழிலில் பெரிய பங்கு. பாதி பதனிட்ட தோலை நாமும் அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருந்தோம். தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழு சொன்னபிறகு, 1973இல் மத்திய அரசு அதற்குக் கட்டுப்பாடு போட்டது. அதன்பிறகே முழுதாக முடித்த தோலும், தைத்த ஷூ அப்பர்களும், கடைசியில் முழு ஷூவும் இங்கிருந்து பெருமளவில் போகத் தொடங்கின. எந்த நாட்டில் கடைசியாகப் பெரிய வேலை நடந்ததோ அந்த நாட்டின் பெயரைப் பொருளுக்கு வைப்பது சுங்க வழக்கம். வெட்டியது, விளிம்பு சீவியது, தைத்தது எல்லாம் இங்கே நடந்திருந்தாலும், அடி ஒட்டிய ஊர் பெயரை வாங்கிக்கொள்ள முடியும்.

பெயர் அப்படிப் போயிற்று. கழிவு எங்கேயும் போகவில்லை. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாக ஒரு கணக்கு அதில் இடம்பெற்றது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக வேரூன்றியது, அந்தக் கழிவு கலந்த பாலாற்றின் வழக்கு வழியாகத்தான். 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். ஆவாரம்பட்டைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தோலைக் கெடாமல் வைக்கும் உப்பும், மயிர் நீக்கும் சுண்ணாம்பும் எந்த முறையிலும் தண்ணீரோடுதான் கலக்கின்றன. அதைச் சுத்தம் செய்யக் காசு வேண்டும். அந்தக் காசு ஷூவின் விலையில் வர வேண்டும். நம்மூர்ச் சரக்கு என்றாலே பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்களும் பாலாற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான்.

அன்று கடையில் ஷூ வாங்காமல் பையனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் ஒருவரிடம் போனோம். ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் 26 வருஷம் இருந்தவர். கோடு போட்ட நோட்டில் இரண்டு கால்களையும் வரைந்தார். "இடது கால் ரெண்டு நூல் பெருசு தம்பி, இத்தன நாளு கடிச்சிருக்குமே" என்றார். கடித்துக்கொண்டுதான் இருந்தது. வெல்ட் என்று ஒரு தோல்வாரை மேல்தோலைச் சுற்றிக் கையாலேயே தைத்து, அந்த வாரோடுதான் அடியைத் தைத்தார். அடி தேய்ந்தால் அந்த ஒரு தையலை மட்டும் பிரித்து வேறு அடி போடலாமாம். மூன்று வாரம் ஆயிற்று.

வாங்கப் போனபோது, நாக்கின் உள்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பையன் பார்த்தான். "உங்க பேரு போடுங்களேன்" என்றான். "கம்பெனியில எந்தெந்த ஊர்ப் பேரோ அடிச்சிருக்கேன். என் பேருக்கு அச்சு இல்லியே" என்றார். பிறகு ஊசியை விளக்கில் காட்டி, ஒரு ஷூவில் ஆம்பூர் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். பையன் விடவில்லை. இன்னொன்றில் தன் பெயரை எழுதினார். கடைசி எழுத்துக்குள் ஊசி ஆறிவிட்டது. மறுபடி சூடு காட்டி முடித்தார்.