திரையில் ஒரு புள்ளி, மலையில் எந்த லயம்?

கணினி விளையாட்டு எழுதுகிறவர்களுக்குப் பழகிப்போன சிக்கல் ஒன்று உண்டு. ஆடுபவர் திரையைத் தொட்டால் கிடைப்பவை இரண்டே எண்கள். விளையாட்டின் உலகத்துக்கோ உயரம் என்று மூன்றாவதும் உண்டு. ஆகவே பார்வையிடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியே ஒரு கோட்டை நீட்டி, அது தரையில் எங்கே முட்டுகிறது என்று நிரல் தேடும். தரையைச் சமதளமாக எண்ணிவிட்டால் சரிவில் வைக்க வேண்டிய வீடு பள்ளத்தில் போய் நிற்கும். விளையாட்டில் அது சிரிப்பு. மண்சரிவு அபாயமுள்ள இலங்கையின் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் அப்படியல்ல.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1:50,000, 1:10,000 அளவுகளில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. முதல் அளவில் ஒரு மில்லிமீற்றர் என்பது 50 மீற்றர் நிலம். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான ஒரு லயமே அதற்குள் மறைந்துவிடலாம். இடத்தைக் குறிக்கும் எண்களிலும் இரண்டு வழக்குகள் உள்ளன: பிதுருதாலகால உச்சியைப் பழைய கண்டவல முறை 200,000 என்று குறிக்கிறது, 1999ஆம் ஆண்டு முறை 500,000 என்கிறது. ஒன்றை மற்றதாக வாசித்தால் புள்ளி கடலில் விழும். பிழை உடனே தெரிந்துவிடும். எனக்கு அச்சம் தருவது சின்னப் பிழைதான். முப்பது மீற்றர் விலகிய புள்ளியும் தேயிலைக்குள்தான் நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அபாய எல்லையின் எந்தப் பக்கம் ஒரு லயம் இருக்கிறது என்பது அதற்குள் மாறியிருக்கும்.

ஆகவே புள்ளியை எண்ணாக்குவதோடு வேலை முடிவதில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாவது லயம் என்பதுவரை அதைக் கொண்டுபோக வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் புதைந்தபோது இல்லாதிருந்தது வரைபடமல்ல, 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்களே, குடியேறக் காணி இல்லாததுதானே காரணம் என்று கேட்கலாம். காணிதான் முதல் பிரச்சினை, மறுக்கவில்லை. ஆனால் தோட்டம் முழுவதற்கும் பொதுவாகச் சொன்ன எச்சரிக்கைக்குப் பொறுப்பாளி கிடையாது. இத்தனை லயம், இத்தனை குடும்பம் என்று எழுதிவிட்டால் எத்தனை பேருக்குக் காணி வேண்டும் என்ற கணக்கு தானாகவே வந்துவிடும், நிர்வாகமும் பிரதேச செயலகமும் பதில் சொல்லியாக வேண்டும். கைத்தொலைபேசியே இடம் காட்டுகிறதே என்பவர்களுக்கு ஒன்று: அது காட்டுவது நாம் நிற்கும் இடத்தை, மண் இறங்கிவரும் இடத்தையல்ல. அபாயம் மேலேயுள்ள சரிவிலிருந்து வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளையைக் குலைத்தபிறகாவது ஒவ்வொரு லயத்துக்கும் அதன் எண், உயரம், மேலிருக்கும் சரிவின் தரம் மூன்றையும் சேர்த்துப் பதிந்து, அந்த லயத்தின் சுவரிலேயே தமிழில் எழுதி வைக்கலாம். அதற்குப் புதிய செய்மதி ஒன்றும் தேவையில்லை.