அழாத குழந்தையின் குடலும் மூளையும்

"பிறந்ததும் அழல" என்று பிரசவ வார்டு வாசலில் சொன்னால் காத்திருக்கும் உறவினர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தோ, தொப்புள்கொடி அழுந்தியோ, பிரசவம் நீண்டோ சிசுவின் மூளைக்குப் பிராணவாயு குறைந்திருக்கிறது. மூச்சு திரும்பிய பிறகு சில மணி நேரம் மூளை தேறுவதுபோலத் தோன்றும். அதன்பின் இரண்டாம் சுற்றாகச் செல்கள் மடியத் தொடங்கும். அழற்சி வாரக்கணக்கில் நீளும்.

அந்த இடைவெளியில், அதாவது பிறந்து 6 மணி நேரத்துக்குள், உடலை 33-34 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருப்பதுதான் இப்போதைய முக்கிய சிகிச்சை. 2005இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு பணக்கார நாடுகளில் இது வழக்கமாயிற்று. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்த 'ஹீலிக்ஸ்' ஆய்வு 2021இல் வேறு கதை சொன்னது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். குளிர்விக்கப்படாதவர்களில் 31 சதவீதம். சென்னை மருத்துவக் கல்லூரியும் அந்த ஆய்வில் பங்கேற்றது. லண்டனில் பலித்தது எழும்பூரிலும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை நமக்குக் காட்டிய ஆய்வு அது.

இப்போது பேச்சு குடலுக்கு வந்திருக்கிறது. குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் அடிபட்ட மூளை தேறுமா? கேள்வியில் சரக்கு இருக்கிறது. 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள், கிருமியே அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் மைக்ரோகிளியா, அதாவது மூளையின் காவல் செல்கள், முதிராமல் இருப்பதைக் கண்டார்கள். குடல் பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் குறுங்கொழுப்பு அமிலங்களைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது அந்தச் செல்கள் பெருமளவு தேறின. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம், அத்தகைய எலிகளின் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு கசிகிறது என்று காட்டியிருந்தது. மூச்சுத்திணறலுக்குப் பின் மூளையைத் தின்னும் அழற்சியில் முன்னணியில் நிற்பதும் இதே காவல் செல்கள்தான்.

ஆனால் எலியிலிருந்து சிசுவுக்குத் தாவும் இடத்தில்தான் சிக்கல். பிராணவாயு குறைந்ததும் உடல் இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது; குடலுக்குப் போவது சுருங்குகிறது. ஆக, மூளையோடு குடலும் அடிபட்ட உறுப்பு. அப்புறம் நாம் தொடங்குகிறோம்: ஆன்டிபயாடிக், வாய்வழி எதுவும் கூடாது என்ற உத்தரவு, தாயிடமிருந்து பிரிப்பு. மூன்றுமே குடல் பாக்டீரியாவை மாற்றக்கூடியவை. மூன்றும் அதிகம் கிடைப்பது மூளை மோசமாக அடிபட்ட குழந்தைக்கே. நாளை ஒருவர் மலப் பரிசோதனை செய்து, மூளை பாதித்த குழந்தைகளிடம் நல்ல பாக்டீரியா குறைவு என்று சொன்னால், அது காரணமா, விளைவா, நம் சிகிச்சையின் தடமா? பிரித்தறியும் ஆய்வு வராதவரை, 'மூளைக்கான புரோபயாடிக்' என்று சொட்டு மருந்து விற்பவரை நான் நம்பமாட்டேன்.

ஒடிசா ஆய்வை அவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். 2017இல் வெளியான அது நல்ல ஆய்வுதான்: 4,556 பச்சிளங்குழந்தைகள், லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் பாக்டீரியாவும் அதற்கு உணவாகும் சர்க்கரையும் கொடுக்கப்பட்டவர்களிடம் ரத்த நோய்த்தொற்றும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. ஆனால் அங்கே அளந்தது நோய்த்தொற்றையும் மரணத்தையும், மூளையை அல்ல. குழந்தைகளும் ஓரளவு நலமாகப் பிறந்தவர்கள். உயிருள்ள பாக்டீரியா அடிபட்ட குடலில் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கணக்கு. குறைமாதக் குழந்தைகளுக்கு இத்தகைய பொருள்களால் ஆபத்து உண்டு என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது, ஒரு சிசு இறந்த பிறகு.

அப்படியானால் கைகட்டி நிற்பதா? வேண்டாம். குளிர்விப்பின்போது பால் கொடுக்கலாமா என்று பிரிட்டனில் 6,030 குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். பயந்த குடல் அழுகல் அரிதாகவே வந்தது. பால் பெற்றவர்களில் பிழைத்தோர் சற்று அதிகம். குலுக்கல் முறை ஆய்வல்ல என்பதால் சற்றே நலமான குழந்தைக்குத்தான் பால் கிடைத்திருக்கும் என்ற சந்தேகம் முழுதாகப் போகாது. ஆனாலும், பட்டினி போட்டால்தான் பத்திரம் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது.

தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைகள் இருக்கின்றன. அவை பிஃபிடோ பாக்டீரியாவுக்கான தீனி. கடையில் வாங்கும் எந்தச் சொட்டு மருந்தையும்விடப் பழைய ஏற்பாடு இது. சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டுச் சேனை தொட்டுவைக்கும் வழக்கம் இன்னும் முழுக்க ஒழியவில்லை; தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன குழந்தையின் தாய்க்குப் பால் கறந்து அனுப்பச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருப்பதில்லை. தமிழக அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் இருந்தும், அறுவைச் சிகிச்சை முடிந்து இன்னொரு மாடியில் படுத்திருக்கும் அந்தத் தாய் யாருடைய பொறுப்பு என்பது பல இடங்களில் தெளிவில்லை.

இதற்குப் புது மருந்து வேண்டாம். மூச்சுத்திணறலோடு சேர்க்கப்படும் ஒவ்வொரு குழந்தையின் கேஸ் ஷீட்டிலும் இரண்டு நேரங்களைக் கட்டாயம் எழுதச் சொல்லலாம்: முதல் சொட்டு தாய்ப்பால் எப்போது போனது, ரத்தக் கல்ச்சரில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு ஆன்டிபயாடிக் எப்போது நின்றது. மாதாந்திர சிசு மரண ஆய்வுக் கூட்டத்தில் வென்டிலேட்டர் கணக்கோடு இதையும் கேட்கட்டும்.