சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டுங்கள்

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலில் இருந்து புளியங்குடி போகும் வழியில் ஒரு குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தினேன். குளம் முக்கால்வாசி பெருகியிருந்தது. கரையில் மூன்று இளைஞர்கள். கையில் ரீல் பூட்டிய புதுக் கம்பு. அவர்களில் ஒருவர் ரப்பர் தவளை ஒன்றைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வீசிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு தலையணை அகலத்துக்குத் தண்ணீர் செம்மஞ்சளாகத் தெரிந்தது. மழைத்துளி விழுவதுபோல அங்கே மட்டும் நீர் கொப்புளித்தது. மூன்றாவது வீச்சிலோ நான்காவது வீச்சிலோ விரால் பாய்ந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும்.

படம் எடுத்து முடித்த பிறகு, "தம்பி, அது குஞ்சுக்குக் காவல் நின்ன மீன்" என்றேன். "அண்ணாச்சி, குஞ்சத் திங்கத்தான அது சுத்திக்கிட்டு கெடக்கு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். நம்மூரில் பெரியவர்கள் பலரும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே அந்தச் செம்மஞ்சள் வட்டம் சிதறத் தொடங்கிவிட்டது. ஜிலேபிக் கெண்டைகள் அதற்குள் புகுந்து தின்பது கரையில் இருந்தே தெரிந்தது.

நான் பயிர் படித்தவன், மீன்வளம் படித்தவன் அல்ல. ஆனாலும் குளம் விவசாயியின் சொத்து. அதில் வாழும் மீனைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவது பொருத்தம்தான். ஐப்பசி பிறந்து, வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும் இந்த நேரத்தில் எழுதுவது இன்னும் பொருத்தம்.

விரால் மழைக்காலத்தில்தான் பெருகும். ஆணும் பெண்ணும் கரையோரம் புல், பாசி, ஆம்பல் இருக்கும் ஆழம் குறைந்த இடத்தில் செடிகளை ஒதுக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு பல வாரங்களுக்குக் குஞ்சுகள் ஒரே கூட்டமாகத் திரியும். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் குஞ்சுகளும் மேலே வந்து வந்து போகும். நீர் கொப்புளிப்பது அதனால்தான். கூட்டத்துக்குக் கீழே பெற்ற மீன் நிற்கும். பாம்பானாலும் தவளையானாலும் உங்கள் ரப்பர் பொம்மையானாலும் பக்கத்தில் வந்ததைப் பாய்ந்து கடிக்கும். அப்போது அது கடிப்பது பசியால் அல்ல, குஞ்சுகளைக் காக்க. எனவே அதைப் பிடிப்பதில் திறமை ஒன்றும் இல்லை. யார் வீசினாலும் மாட்டும். ஒரு மீனை எடுக்கிறோம், கூடவே சில ஆயிரம் குஞ்சுகளை ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் நீர்க்காகத்துக்கும் கொடுத்துவிடுகிறோம்.

தூண்டில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விவசாயியின் கண்ணோடு பார்த்தால், குளத்தில் மீன் பிடிக்கும் முறைகளிலேயே பாசனத்துக்குக் கெடுதல் இல்லாதது தூண்டில்தான். மீன்பாசி குத்தகை முடியும் சமயத்தில், மீனை அரித்து எடுக்க மடையைத் திறந்து தண்ணீரை வீணாக்கியதாக எத்தனை ஊரில் தகராறு நடந்திருக்கிறது! தூண்டில்காரர் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியேற்றுவதில்லை. மடி கனமான இரட்டை வலையோடும், மின்சாரம் பாய்ச்சும் கம்பியோடும், தோட்டாவோடும் வருகிறவர்கள்தான் கவலைக்குரியவர்கள். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம்.

இனி கருவிகள். நம் தாத்தா காலத்துத் தூண்டில் மூங்கில் கம்பு, தங்கூசி, சோளத்தட்டைத் தக்கை, ஈயக்குண்டு, முள்ளில் நாக்குப்பூச்சி. ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் இன்றைக்கும் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. கட்லா, ரோகுக்கு முள்ளில் புழு தேவையில்லை. தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் மாவோடு பிசைந்து கெட்டியாக உருட்டி வைத்தால் போதும். புதிதாக வந்திருப்பது விராலுக்கான தவளை. இது அமெரிக்காவில் பாஸ் என்ற மீனுக்காக உருவானது. பாஸும் விராலைப் போலவே செடி மறைவில் பதுங்கி நின்று பாயும் மீன் என்பதால், அங்கே செய்த பொம்மை இங்கே அப்படியே எடுபடுகிறது. உள்ளே பொள்ளலான ரப்பர் உடம்பு. முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இரண்டு முள். அதனால் ஆம்பல் இலை மேலும் ஆகாயத்தாமரை மேலும் இழுத்தாலும் சிக்காது. மீன் கடித்து ரப்பர் அமுங்கும்போதுதான் முள் வெளியே வரும்.

இதற்கு ஆறரை அடியில் இருந்து ஏழு அடி வரை சற்று விறைப்பான கம்பு போதும். ரீலில் தங்கூசிக்குப் பதிலாகப் பின்னல் நூல் சுற்றுங்கள். தங்கூசி இழுபடும், அதனால் தூரத்தில் இருக்கும் மீனின் தாடையில் முள் ஏறாது. அதோடு பாசிக்குள் புகுந்த விராலைச் செடியோடு சேர்த்து இழுக்கவும் பின்னல் நூல்தான் தாங்கும். பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் வெடித்துச் சிதறியதும் பதறிக் கம்பை இழுத்துவிடுவார்கள். மீன் இன்னும் வாயை மூடியிருக்காது. நூல் தானாக நகரும் வரை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு இழுங்கள்.

கடையில் வாங்கியதும் குறடால் முள்ளின் எதிர்முனையை நசுக்கிவிடுங்கள். நூலைத் தளரவிடாமல் இருந்தால் மீன் நழுவாது. உங்கள் விரலிலோ பக்கத்தில் நிற்கும் பையன் காதிலோ ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கழற்றலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை வற்புறுத்துவேன்.

நமக்கு மீன் சோற்றுக்குத்தான். பிடித்ததைக் குழம்பு வையுங்கள். அமெரிக்காவில் ரே ஸ்காட் என்பவர், பிடித்த பாஸை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தை 1972-இல் தன் போட்டிகளில் புகுத்தினார், அது அங்கே பெரிய பண்பாடாகவே ஆகிவிட்டது. அது முழுக்க நமக்குப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இரண்டு மீனை மட்டும் விட்டுவிடுங்கள். குஞ்சோடு நிற்பது ஒன்று. ஓர் அடிக்குக் குறைவானது மற்றொன்று, அது பெரும்பாலும் ஒரு தடவைகூட முட்டையிட்டிருக்காது. விடும் மீனை நனைந்த கையால் பிடித்து, தண்ணீருக்குப் பக்கத்திலேயே முள்ளைக் கழற்றி விட வேண்டும். விரால் வெளியே நெடுநேரம் துடிக்கும், சாகாது என்ற தைரியத்தில் வெயில் காய்ந்த கரையில் போட்டுப் படம் எடுக்கிறார்கள். மேலிருக்கும் வழவழப்பு உரிந்துவிட்டால் அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். 1988-இல் இந்தியாவுக்குள் நுழைந்த புண்நோய் மிக மோசமாகத் தாக்கிய மீன்களில் விராலும் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். புண் உள்ள மீன் மாட்டினால் அதை இன்னொரு குளத்துக்கோ பண்ணைக்குட்டைக்கோ கொண்டுபோகாதீர்கள்.

ஒரு குளத்து மீனை இன்னொரு குளத்தில் விடுவதே பொதுவாக நல்லதல்ல. இதே பாஸ் மீனைத் தூண்டில் விளையாட்டுக்காக 1925-இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விட்டார்கள். அது நாடெங்கும் பரவி உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்றது. 2005-இல் அதை வளர்க்கவும் உயிரோடு கொண்டுசெல்லவும் அந்நாடு தடை போட வேண்டியதாயிற்று. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இன்று நம் எந்தக் குளத்தில் இல்லை? தூண்டில் வேட்கை கொண்ட இளைஞர்களுக்கு நான் சொல்வது, ஜிலேபியை அளவில்லாமல் பிடியுங்கள், குளத்துக்கு நன்மைதான்.

அடுத்தது கரை. இதில் விவசாயிகளே கண்டிப்பாக இருக்க வேண்டும். நாக்குப்பூச்சி தோண்டுகிறேன் என்று மடைப் பக்கத்திலும் கரையின் வெளிச்சரிவு அடியிலும் மண்வெட்டி போடுகிறார்கள். அங்கே ஈரம் இருப்பதால் புழு கிடைக்கும், உண்மைதான். அந்த ஈரமே கசிவு. நண்டு வளையும் எலி வளையும் போதாதென்று அங்கே ஒரு குழியும் விழுந்தால், குளம் நிரம்பி நிற்கும் ராத்திரியில் அதன் வழியாகத் தண்ணீர் மண்ணை அரிக்கும். புழு வேண்டும் என்றால் உங்கள் எருக்குழியில் இருந்து ஒரு கொட்டாங்கச்சி அள்ளிக் கொடுத்துவிடுங்கள். ஒரு கரையைக் காப்பாற்ற அது மலிவான வழி.

குளம் மறுகால் பாயும் முதல் இரண்டு மூன்று நாள், தண்ணீரை எதிர்த்து மீன் ஏறும். அவற்றில் பல சினை மீன்கள். அந்த நாட்களில் மறுகாலில் தூண்டிலும் வேண்டாம், கூடையும் வேண்டாம். அறுந்த நூலைக் கரையில் விடாமல் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கூந்தன்குளத்துக்கு வரும் நாரைகள் நம் தெற்கத்திக் குளங்களிலும்தான் இரை தேடுகின்றன. காலில் தங்கூசி சுற்றிய பறவைக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. கரையில் மேயும் ஆட்டுக்கும் அப்படித்தான். குளிக்கும் துறையிலும் மாடு இறங்கும் இடத்திலும் தூண்டில் போடக் கூடாது என்பதை இளைஞர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் கேட்காமல் கம்பு வீசாதீர்கள். அவர் பணம் கட்டிக் குஞ்சு விட்டிருக்கிறார். கட்லா, ரோகு விட்ட குத்தகைதாரருக்கு விரால் எதிரி என்பதால், விரால் மட்டும் பிடிக்கிறேன் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். இலுப்பைப் பிண்ணாக்குப் போட்டு எல்லா மீனையும் ஒட்டுமொத்தமாகக் கொல்வதைவிட அதுவே அவருக்கும் லாபம். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாக்களைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் ஊத்தாவோடும் வலையோடும் கரையில் நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் துண்டை அசைக்கும் வரை ஒருவரும் இறங்க மாட்டார். அந்தக் கட்டுப்பாடு நமக்குப் புதிதல்ல.

நவம்பர் 1 அன்று கிராம சபை கூடும். உங்கள் ஊராட்சிக் குளத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தில் யாரும் தூண்டில் போடக் கூடாது, கரையில் புழு தோண்டக் கூடாது, இந்த இரண்டையும் அடுத்த மீன்பாசி ஏல நிபந்தனையிலும் சேர்க்க வேண்டும் என்று. களப்பணியாளர்கள் அந்த இரண்டு வரியை எழுதி, மடைக்குப் பக்கத்துச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட உதவுங்கள். எழுத்தோடு ஒரு விரால் குஞ்சுக் கூட்டத்தின் படமும் இருக்கட்டும். அந்தச் செம்மஞ்சள் வட்டம் என்னவென்று அந்தத் தம்பிக்கு யாரும் அதுவரை காட்டியிருக்கவில்லை.