கணப்புக்கு எந்த சிமென்ட்?

குன்னூரிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். தாத்தா காலத்து வீடு. ஹாலில் இருந்த ஃபயர் பிளேஸை போன வருஷம் பிரித்துக் கட்டினார்களாம். மேஸ்திரி நல்ல வேலைக்காரர். 53 கிரேடு சிமென்ட்டில் நேர்த்தியாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். இந்தக் குளிருக்கு நாலு நாள் விறகு எரித்ததுமே செங்கல் இடுக்கிலிருந்து கலவை பொடிப்பொடியாக உதிர்கிறது. "சிமென்ட்டில் கலப்படமா தம்பி?" என்றார்.

கலப்படம் இல்லைக்கா, சிமென்ட்டின் குணமே அதுதான். அது இறுகுவது தண்ணீரால். சூடு 400, 500 டிகிரி செல்சியஸைத் தொட்டால், உள்ளே பிணைந்திருக்கும் அந்தத் தண்ணீர் வெளியேறிவிடும். ஆறியதும் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி உப்பும். சுருங்கி, உப்பி, கடைசியில் விரிசல். கிரேடைக் கூட்டினாலும் இது நிற்காது.

வெளிமுகப்புக்குப் பழைய கலவையே போதும். விறகு எரியும் உள்பக்கத்துக்குத்தான் ஃபயர் பிரிக்கும் அதற்கான கலவையும் வேண்டும். கோவையில் ஃபவுண்டரிகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அங்கேதான் இரண்டாவது தப்பு நடக்கும். 'ஃபயர் கிளே' என்று மட்டும் கேட்டால் ஒரு மண் மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். சூளைக்கு அது அருமையான சரக்கு. ஆனால் சுமார் ஆயிரம் டிகிரியில் வெந்தால்தான் கல்லாகும். வீட்டு விறகு நெருப்பு சுவர் முழுக்க அவ்வளவு சூடு ஏற்றாது. காய்ந்த களிமண்ணாகவே நிற்கும். புகைபோக்கி வழியாக நீலகிரி மழை இறங்கினால் கரைந்து வழியும்.

நீங்கள் கேட்க வேண்டியது, ஹை அலுமினா சிமென்ட் சேர்ந்த ரிஃப்ராக்டரி மார்ட்டார். மூட்டையில் 'ஹைட்ராலிக் செட்டிங்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஹீட் செட்டிங்' என்றால் வேண்டாம். சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைக்கச் சொல்லுங்கள். ஜாயின்ட் 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். வீட்டுச் சுவர் போல அரை அங்குலம் அப்பும் கை பழக்கத்தில் அப்பத்தான் பார்க்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். மூட்டையில் சொன்ன நாள் வரை காயவிட்டு, முதல் சில நாள் சுள்ளி நெருப்பு மட்டும்.

"பொங்கல் வரைக்கும் மேலாகப் பூசி ஓட்டலாமா?" என்று கேட்டார். கூடாதுக்கா. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மர உத்தரம் இருப்பதாகச் சொன்னீர்களே. விரிசல் வழியாக அந்த மரம் தினமும் சூடேறும். கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, தூங்குகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. கலவை மாற்றும்வரை ஹாலில் நெருப்பே வேண்டாம். கோவைக்குக் கிளம்பும் முன் டார்ச் அடித்து அந்த உத்தரம் கருகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.