முதலில் ஊசி, பிறகு ரசீது

கோவைக்காரர்கள் ‘குர்லா எக்ஸ்பிரஸ்’ என்றே சொல்லும் ரயிலில் 30 மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு மும்பை வந்தவருக்கு, இறங்கிய சில நாளில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குகிறது. பயண அலுப்பு என்று தைலம் தேய்த்துக்கொள்கிறார். பிறகு ஒருநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டுகிறது, நெஞ்சில் குத்துகிறது. காலில் உறைந்த ரத்தக் கட்டி பிய்ந்துபோய் நுரையீரல் தமனியை அடைத்திருக்கக்கூடும். பிரசவமான பெண்ணுக்கும், புற்றுநோயாளிக்கும், காசநோயாளிக்கும் இதே ஆபத்து உண்டு. 2024 டிசம்பர் 9 இரவு குர்லா மேற்கில் பெஸ்ட் பேருந்து மோதி எத்தனை பேர் அடிபட்டார்கள்! அப்படி எலும்பு முறிந்து வாரக்கணக்கில் படுத்திருப்பவர்களையும் இந்தக் கட்டி விடுவதில்லை.

இதைக் கண்ணால் காட்டித் தருவது சி.டி. ஸ்கேன். முழங்கை மடிப்பில் ஊசி குத்தி, அயோடின் கலந்த ‘டை’யை வேகமாகச் செலுத்துவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும். மூச்சை அடக்கச் சொல்லும் சில நொடிகளில் படம் முடிந்துவிடும். ரத்தம் ஓடும் குழாய் வெள்ளையாகத் தெரியும், கட்டி இருக்கும் இடம் மட்டும் கருப்பாக நிற்கும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பழகிக்கொண்ட எச்.ஆர்.சி.டி. இதுவல்ல. டை இல்லாத அந்தப் படத்தில் கட்டி பெரும்பாலும் தெரியாது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

மூச்சிரைக்கும் நோயாளியை ஆட்டோவில் ஏற்றி, லால் பகதூர் சாஸ்திரி சாலை நெரிசலில் ஸ்கேன் சென்டர் தேட விடுவது கொடுமை. முன்பணம் கட்டி, படம் எடுத்து, அறிக்கை வந்த பிறகுதான் மருந்து என்பது அதைவிடப் பெரிய கொடுமை. சந்தேகம் வலுவாக இருந்து, ரத்தக்கசிவு ஆபத்தும் இல்லையென்றால், ஸ்கேனுக்குக் காத்திராமல், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கிவிட வேண்டும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட மருத்துவ நெறி. அறிந்தும் தாமதிப்பதை அலட்சியம் என்று மட்டும் சொல்லி நம்மால் கடந்துபோக முடியாது. அது குற்றம்.

சட்டமும் இதையே சொல்கிறது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. சி.டி. ஸ்கேனைக்கூட அவர் வெளியே காசு கொடுத்துத்தான் எடுத்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பணம் இல்லை என்று காரணம் காட்டி அரசு தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று 1996-இல் தீர்ப்பளித்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் படத்துக்காக ஏழை அலைகிறான் என்றால், வெட்கப்பட வேண்டியவர் யார்?

நெஞ்சு வலிக்கிற எல்லோரையும் ஸ்கேனில் படுக்கவைக்கச் சொல்லவில்லை. கதிர்வீச்சு உண்டு, டை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, ஆபத்து குறைவாக இருந்தால் டி-டைமர் ரத்தப் பரிசோதனை செய்தாலே பலருக்கு ஸ்கேன் வேண்டியிராது. கமிஷனுக்காகத் தேவையற்றவருக்கு எழுதிக் கொடுப்பதும் அதே அநீதியின் மறுமுகம்தான்.

2020-இல் எச்.ஆர்.சி.டி.க்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை என்று மகாராஷ்டிர அரசு உச்சவரம்பு வைத்தது. அன்று முடிந்தது என்றால், டை செலுத்தி எடுக்கும் இந்த ஸ்கேனுக்கும் முடியும். மும்பை மாநகராட்சியின் புறநகர் மருத்துவமனைகளில் இந்த ஸ்கேன் இரவிலும் ஓட வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் இரவில் அங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் இணையம் வழியாகவாவது பார்க்கட்டும். அவசரப் பிரிவில் ஹெப்பாரின் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். அதைப் போட, பணம் கட்டிய ரசீதை எந்த நர்ஸும் கேட்கக் கூடாது.