குணத்தை அளக்கும் வினாநிரல் எந்த மொழியில் இருக்கிறது?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைகளில் ஒப்படைக்கப்படும் ஆய்வேடுகளில் ஒரு வகையை எளிதில் அடையாளம் காணலாம். தலைப்பில் தன்னம்பிக்கை, தன்மதிப்பு, விழுமியங்கள், மனவெழுச்சி முதிர்ச்சி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கும். மாறிகளாகப் பாலினம், வாழிடம், பள்ளி நிர்வாகம், பயிற்றுமொழி ஆகியவை வரிசையாக நிற்கும். சில நூறு மாணவர்களிடம் வினாநிரல் கொடுக்கப்படும், டி-சோதனை செய்யப்படும், கடைசி இயலில் முடிவுகள் எண்ணிட்டுத் தரப்படும். ஆங்கிலவழி மாணவர்களின் தன்னம்பிக்கை பிறமொழிவழி மாணவர்களின் தன்னம்பிக்கையைவிட உயர்ந்தது என்பது அவ்வாறான முடிவுகளில் ஒன்றாக இருக்கும்போது, வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று எஞ்சுகிறது. அந்த வினாநிரல் எந்த மொழியில் இருந்தது? அம்மொழியை அந்த மாணவர் எவ்வளவு அறிந்திருந்தார்?

இது செய்முறை நுணுக்கம் பற்றிய கேள்வி மட்டுமன்று. உயரத்தையும் எடையையும் அளப்பதற்கு மாணவரின் மொழி தேவையில்லை. நேர்மையையும் விடாமுயற்சியையும் பரிவையும் அளப்பதாகக் கூறும் ஆய்வோ மாணவர் படித்த சொற்களையும், அவர் கூறிய விடைகளையும், அவரைப் பற்றி ஆசிரியர் எழுதிய வாக்கியங்களையும் நம்பியே நடைபெறுகிறது. மொழி அங்கே அளவுகோலின் பகுதி. அளவுகோல் ஆளுக்கு ஆள் நீண்டும் குறுகியும் நிற்குமானால், அதில் கிடைத்த எண்ணைக் குணம் என்று அழைப்பதற்கு ஆய்வாளருக்கு உரிமையில்லை.

குணத்தையும் மொழியையும் ஒன்றாகப் பிணைத்துப் பார்க்கும் வழக்கம் இந்நாட்டில் புதியதும் அன்று. 1835ஆம் ஆண்டு மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பு, அறிவில் மட்டுமன்றி ரசனையிலும் ஒழுக்கத்திலும் ஆங்கிலேயத் தன்மை பெற்ற இந்தியர் வகுப்பொன்றை உருவாக்க விரும்பியது. ஆங்கில இலக்கியப் பாடம் காலனிய இந்தியாவில் ஒழுக்கப் பயிற்சியின் கருவியாக எவ்வாறு செயல்பட்டது என்பதைக் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். மறுபுறம், 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் முழுச் சமூகங்களின் குணத்தையே பிறப்பால் தீர்மானித்தது. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வு, நாடோடிச் சமூகங்களின் பேச்சுக்கென ஒதுக்கிய 11ஆம் தொகுதியில், சில சமூகங்களின் பேச்சை மறைமொழி என்ற நோக்கில் விவரித்தது. ஒரு மொழி ஒழுக்கம் புகட்டும் மொழியாகவும், மற்றொரு மொழி ஒழுக்கம் குறித்த ஐயத்தை எழுப்பும் மொழியாகவும் வகைப்பட்ட வரலாறு இது. விடுதலைக்குப் பின் 1952இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அந்தப் பார்வை வகுப்பறையிலிருந்து முற்றிலும் நீங்கிவிட்டதா என்பதை ஆய்வுலகம் இன்னும் போதிய அளவு சோதிக்கவில்லை.

குணநலன் ஆய்வின் அடிப்படைச் சிக்கல் அமெரிக்காவிலேயே மிக முன்னர் வெளிப்பட்டது. ஹார்ட்ஷோர்ன், மே ஆகிய இருவரும் 10,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகள் 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. தேர்வில் பார்த்து எழுதுதல், பொய் சொல்லுதல், பொருளைத் திருடுதல் ஆகியவற்றுக்கு வாய்ப்புள்ள சூழல்களை அமைத்து அவர்கள் பிள்ளைகளின் நடத்தையைக் கவனித்தனர். ஒரு சூழலில் நேர்மையாக இருந்த பிள்ளை மற்றொரு சூழலிலும் அப்படியே இருக்கும் என்று உறுதியாகக் கூற இயலவில்லை. ஒழுக்கம் பற்றிய வினாக்களுக்குச் சரியான விடை தருவதும் ஒழுக்கமாக நடந்துகொள்வதும் வலுவான தொடர்பற்றவை என்பதும் தெரியவந்தது. ஒழுக்கம் பற்றிப் பேசும் திறன் வேறு, ஒழுக்கம் வேறு. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பிறகும் இந்தியக் கல்வியியல் ஆய்வுகளில் கணிசமானவை முதலாவதை அளந்து இரண்டாவதன் பெயரை அதற்குச் சூட்டுகின்றன.

வினாநிரலின் அமைப்பே மொழித்திறனைக் குணமாக மாற்றிக் காட்டக்கூடும். 1965இல் வெளியான ரோசன்பர்க் தன்மதிப்பு அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் 10 கூற்றுகள் உண்டு, அவற்றுள் 5 எதிர்மறையானவை. எல்லாக் கூற்றுகளுக்கும் யோசியாமல் ஆம் என்று குறிக்கும் போக்கைத் தடுப்பதற்காக இவ்வாறு கலந்து அமைப்பது வழக்கம். ஆனால் எதிர்மறைக் கூற்றை மறுப்பதற்கு வாசகர் இரண்டு மறுப்புகளை மனத்தில் கையாள வேண்டும். வாசிப்புத் திறன் குறைந்த சிறுவர்கள் எதிர்மறைக் கூற்றுகளுக்குத் தாம் கருதியபடி விடையளிக்க இயலாமல் தடுமாறுவதை ஹெர்பர்ட் மார்ஷ் 1986இல் காட்டினார். தன்னைப் பற்றி நன்றாகவே எண்ணும் சிறுமி, வாக்கியத்தைப் பிடிக்க முடியாத காரணத்தால் மட்டுமே தாழ்ந்த தன்மதிப்பு உடையவளாகக் கணக்கில் ஏறுகிறாள். இது தம் தாய்மொழியில் படித்த பிள்ளைகளிடம் கண்ட விளைவு. வீட்டில் கோண்டியும் பள்ளியில் இந்தியும் பாடநூலில் சமஸ்கிருதம் மிகுந்த இந்தியும் எதிர்கொள்ளும் பிள்ளையிடம் அதே வினாநிரலை நீட்டும்போது என்ன நிகழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 29 லட்சம் பேர். அம்மொழி எட்டாம் அட்டவணையில் இல்லை.

மொழிபெயர்த்தால் தீர்ந்துவிடும் என்ற விடை உடனே வருகிறது. மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலமொழிக்கு மீண்டும் பெயர்த்து ஒப்பிடும் முறையும் பரிந்துரைக்கப்படுகிறது. அம்முறை அகராதிப் பொருள் பிழைபடாமல் காக்கும், வழக்குப் பொருளைக் காக்காது. ஆங்கிலத்தின் கேரக்டர் என்ற சொல்லுக்குத் தமிழில் நடத்தை என்றும் இந்தியில் சரித்ர என்றும் ஈடு தருவதில் அகராதிப் பிழை ஏதுமில்லை. ஆயினும், நடத்தையில் சந்தேகம் என்ற தொடரை நாளிதழில் படிக்கும் எவரும் அங்கே பேசப்படுவது நேர்மையோ விடாமுயற்சியோ அன்று என்பதை அறிவர். இந்தியில் சரித்ரஹீன் என்ற வசை எப்பொருளில் பெண்கள்மீது வீசப்படுகிறது என்பதும் அனைவரும் அறிந்ததே. ஒரே கூற்றை மாணவன் தன் திறமை பற்றிய கேள்வியாகவும், மாணவி தன்மீதான கண்காணிப்பாகவும் படிக்கக்கூடும். பின்னர்ப் பாலின வேறுபாடு என்று அட்டவணையில் காட்டப்படுவது அச்சொல்லின் சமூக வரலாறாகவே இருக்கலாம்.

பணிவும் இவ்வாறே தவறாக அளக்கப்படுகிறது. ஆங்கில வகுப்பறையின் ஒழுங்கில் பிளீஸ், தேங்க்யூ, சாரி ஆகிய மூன்று சொற்கள் நற்பண்பின் அடையாளங்கள். இந்திய மொழிகள் பலவற்றில் பணிவு தனிச்சொல்லில் இல்லை, பெயரிலும் வினைமுற்றிலும் இருக்கிறது. தமிழில் தயவுசெய்து என்பதும் இந்தியில் க்ருபயா என்பதும் அறிவிப்புப் பலகைக்கு உரியவை. அன்றாட வேண்டுகோள் வினைவடிவத்திலும் குரலின் இழைவிலும் அமைகிறது. மைதிலியில் வினைமுற்று செய்பவருக்குரிய மதிப்பை மட்டுமன்றிச் செயலுக்கு உட்படுபவருக்குரிய மதிப்பையும் ஏற்றுக்கொள்கிறது. ஒரே வினையில் இருவருக்கு மரியாதை செய்யக் கற்ற பிள்ளை, ஓர் ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டதால் பண்பற்றதாகக் குறிக்கப்படலாம். மறுதிசையிலும் பிழை நேர்கிறது. இந்தியில் தூ என்னும் ஒருமை, இழிவுக்கு மட்டுமன்றித் தாய்க்கும் கடவுளுக்கும் உரியது. வீட்டில் மூத்தோரை ஒருமையில் அழைத்து வளர்ந்த பிள்ளை பள்ளியிலும் அவ்வாறே பேசும்போது அதைத் திமிர் என்று படிப்பவர் மொழியமைப்பைக் குணமாகக் கருதிவிடுகிறார்.

மௌனத்தைப் பற்றிய பாடம் இன்னும் கூர்மையானது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வில்லியம் லபோவ் நடத்திய ஆய்வில், பெரியவர் ஒருவர் முறையாக அமர்ந்து கேள்வி கேட்டபோது சிறுவன் ஓரிரு சொற்களோடு நிறுத்திக்கொண்டான். அதே ஆய்வாளர் தின்பண்டத்தோடு வந்து, சிறுவனின் நண்பனையும் அழைத்து, தரையில் அமர்ந்து பேசியபோது சிறுவர்கள் போட்டி போட்டுப் பேசினர். மொழி வறுமை என்று எழுதப்பட்டது நேர்காணல் சூழலின் வறுமையே என்பதை 1969இல் வெளிவந்த அவரது கட்டுரை வாதித்தது. இந்திய வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்து பேசாதிருக்கும் தலித், பழங்குடிப் பிள்ளைகளைப் பற்றி ஆர்வமின்மை, கூச்சம், ஒத்துழையாமை என்ற சொற்கள் பதிவேட்டில் ஏறுமுன் இந்தக் கட்டுரை நினைவுக்கு வரவேண்டும்.

ஒழுக்க முடிவே மொழிக்கேற்ப நகரக்கூடும் என்பதற்கும் சான்றுண்டு. ஆல்பர்ட் கோஸ்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஐவரைக் காக்க ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளலாமா என்ற கற்பனைச் சிக்கல் தாய்மொழியில் கொடுக்கப்பட்டதைவிட அயல்மொழியில் கொடுக்கப்பட்டபோது தள்ளலாம் என்றோர் கூடினர். ஒழுக்க உணர்வு மொழிக்கு மொழி மாறுகிறது என்று இதற்குப் பொருளில்லை. அயல்மொழியில் உணர்ச்சியின் இழுப்பு தளர்வது ஒரு விளக்கம். எனினும் ஒழுக்கச் சிக்கல்களை ஆங்கிலத்தில் கொடுத்து இந்திய மாணவர்களின் ஒழுக்க வளர்ச்சிப் படிநிலையைத் தீர்மானிப்போர் இதைக் கணக்கில் கொள்ளாமல் மேற்செல்ல இயலாது.

இவற்றுக்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழலாம். அனுபவமுள்ள ஆசிரியர் வினாநிரல் இன்றியே பிள்ளையின் குணத்தை அறிவார் என்பது ஒன்று. பல ஆசிரியர்கள் அறிவர் என்பது உண்மை, அவர்கள் பிள்ளையின் மொழியையும் அறிந்தவர்களாயின். மற்றொன்று, தாய்மொழிவழிக் கல்வி வந்துவிட்டால் இச்சிக்கல் மறைந்துவிடும் என்பது. மறையாது. 2011 கணக்கெடுப்பு போஜ்புரி, மகஹி, ராஜஸ்தானி உள்ளிட்ட 50க்கும் மேற்பட்ட தாய்மொழிகளை இந்தி என்ற ஒரே தலைப்பின்கீழ் வைத்தது. தலைப்பு ஒன்றாயினும் பிள்ளையின் பேச்சும் பாடநூலின் நடையும் ஒன்றல்ல. தமிழிலும் சேரிப் பேச்சுக்கும் பாடநூல் நடைக்கும் இடையிலான தொலைவு குணக்குறையாகப் படிக்கப்படுவதுண்டு. ஆகவே மாநில மொழியைத் தாய்மொழி என்று படிவத்தில் நிரப்பிவிட்டு அமைதியடைவது ஆய்வாகாது.

பன்மொழிச் சூழலை ஆய்வின் மையத்தில் வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அஜித் மொகந்தியின் பணி எடுத்துக்காட்டு. ஒடிசாவின் கொந்த் சமூகத்தில் ஒரு பகுதியினர் குயியும் ஒடியாவும் பேசினர், மற்றொரு பகுதியினர் குயியை இழந்து ஒடியா மட்டும் பேசினர். பண்பாடு பெரிதும் ஒன்றாக இருந்தமையால் இருமொழித்திறனின் விளைவைத் தனித்துக் காண முடிந்தது. மொழி பற்றிய விழிப்பிலும் அறிதிறன் பணிகளிலும் இருமொழிப் பிள்ளைகள் மேம்பட்டிருந்தனர். வீட்டுமொழியைத் தடையாகக் கருதிய பார்வைக்கு இந்திய மண்ணிலிருந்தே கிடைத்த மறுமொழி அது. பின்னர் ஒடிசா 2006-07 காலத்தில் 10 பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வியைத் தொடங்கியது. குணநலன் ஆய்வுகளுக்கு இத்தகைய வடிவமைப்பு ஏன் அரிதாக இருக்கிறது என்பதே கேட்கப்பட வேண்டியது.

இது நூலகத்தோடு முடியும் வாதமும் அன்று. 2009இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் கொண்டுவந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில் வாழ்க்கைத் திறன்களுக்கும் மனப்பான்மைகளுக்கும் விழுமியங்களுக்கும் தரநிலை வழங்கப்பட்டது. 2017இல் அம்முறை கைவிடப்பட்டது. இப்போது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முன்வைக்கும் முழுமைசார் முன்னேற்ற அட்டையில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு மாணவரின் தன்மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் சேர்கின்றன. அதே கொள்கைதான் குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை, இயன்றால் எட்டாம் வகுப்புவரை வீட்டுமொழியில் கற்பிக்கச் சொல்கிறது. இரண்டு பரிந்துரைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் ஆய்வாளரின் பணி இருக்கிறது. பிள்ளை தன்னைப் பற்றித் தானே எந்த மொழியில் மதிப்பிடும்? சந்தாலி பேசும் சிறுமியின் பரிவை எந்தச் சொற்களைக் கொண்டு ஆசிரியர் குறிப்பார்? இதற்கு விடையின்றி அட்டை நிரப்பப்படுமானால், மாற்றுச் சான்றிதழில் நடத்தை நன்று என்று எல்லோருக்கும் எழுதும் பழைய வழக்கமே மேலானது. அதனால் பயனில்லாவிடினும் எவருக்கும் தீங்கில்லை.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. குணநலன் குறித்த ஒவ்வோர் ஆய்வேடும் கருவியின் மொழி, மொழிபெயர்த்தவரின் பின்புலம், மாணவரின் வீட்டுமொழி, வாசிப்பு நிலை ஆகிய நான்கையும் பதிவு செய்தல் வேண்டும். வாசிப்புத் திறனைத் தனி மாறியாக அளந்து, அதன் பங்கைக் கழித்த பின்னரே பயிற்றுமொழி வேறுபாட்டைப் பற்றிப் பேசுதல் வேண்டும். இளம் பிள்ளைகளிடம் எழுத்து வினாநிரலுக்கு மாறாக, அவர்கள் மொழியறிந்தவர் வழியே வாய்மொழியாகக் கேட்டல் வேண்டும். நேர்மை, பரிவு, கூட்டுறவு ஆகியவற்றுக்கு அப்பிள்ளைகள் தம் பேச்சில் வழங்கும் சொற்களை முதலில் திரட்டி, அவற்றிலிருந்து கூற்றுகளை உருவாக்குதல் வேண்டும். இதற்குக் கல்வியியல் துறையும் மொழியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் சந்தித்துக்கொள்ளாத நிலை மாற வேண்டும். நெறியாளர்கள் இரு துறைகளிலிருந்தும் அமைவதற்குப் பல்கலைக்கழக விதிகள் இடம் தருமானால் அது முதற்படி.

ஆங்கிலவழி மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை அதிகம் என்ற வாக்கியம் ஆய்வேட்டோடு நிற்பதில்லை. அது பெற்றோர் கூட்டத்தில் பேசப்படுகிறது, பள்ளி விளம்பரத்தில் அச்சாகிறது, கடன் வாங்கியேனும் கட்டணம் செலுத்தும் முடிவுக்குக் காரணமாகிறது. அந்த வாக்கியத்தை எழுதுமுன், மாணவரின் குணத்தை அளந்தோமா, அவருக்குப் பழக்கமில்லாத நடையொன்றில் அவர் தடுமாறியதை அளந்தோமா என்று சரிபார்த்துக்கொள்வது ஆய்வறத்தின் மிகச் சிறிய கடமை. பிள்ளைகளின் நேர்மையை ஆராய்பவரிடம் அந்த அளவு நேர்மையை எதிர்பார்ப்பது மிகையாகாது.